சுஃப்யான் ஸ்டீவன்ஸின் 'கேரி அண்ட் லோவெல்': டிரம்ஸ் இல்லாத 11 பாட்டுகள், ஒலியும் எழுத்தும்

#1 தந்திமீட்டி

இந்த ஆல்பத்தைப் பற்றி யார் பேசினாலும் கதையோடு நின்றுவிடுகிறார்கள். அம்மா இறந்தார், மகன் உடைந்துபோனார், ஆல்பம் வந்தது, கேட்டவர்கள் அழுதார்கள். நான் இங்கே பேச வந்தது அந்தத் துக்கம் எப்படி ஒலியானது என்பதைப் பற்றி. பாட்டு எழுதுகிறவர்கள், வீட்டில் ரெக்கார்ட் செய்கிறவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் காது வேண்டும்.

புதிதாகக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: சுஃப்யான் ஸ்டீவன்ஸ் ஒரு அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர். இந்த ஆல்பம் 2015 மார்ச் 31இல் வெளியானது. அஸ்மேட்டிக் கிட்டி என்ற இசை நிறுவனத்தின் வெளியீடு. 11 பாட்டுகள், முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கேரி என்பது சுஃப்யானின் அம்மா. மகன் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தை விட்டுப் போனவர். மனநோயோடும் குடியோடும் போராடியவர். லோவெல் பிராம்ஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டு அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் இருந்த சில ஆண்டுகளில், குழந்தைகள் கோடை விடுமுறைக்கு மிச்சிகனிலிருந்து யூஜீன் நகருக்குப் போய் அவரோடு இருந்தார்கள். சுஃப்யானுக்கு அம்மா என்று நினைவில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கோடைகள்தான். 2012 டிசம்பரில் வயிற்றுப் புற்றுநோயில் கேரி இறந்தார். லோவெலோ சுஃப்யானின் வாழ்க்கையில் தங்கிவிட்டார். இந்த ஆல்பத்தை வெளியிட்ட அஸ்மேட்டிக் கிட்டி அவரும் சுஃப்யானும் சேர்ந்து ஆரம்பித்ததுதான்.

இப்போது ஒலிக்கு வருகிறேன். முதல் பாட்டு 'டெத் வித் டிக்னிட்டி'. விரல்களால் வேகமாக மீட்டப்படும் கிட்டார், அதன்மேல் கிசுகிசுப்பு மாதிரி ஒரு குரல். கிட்டார் ஓடுகிறது, குரல் அவசரப்படவே இல்லை. இந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவில்தான் ஆல்பம் முழுவதும் இருக்கிறது. கை நிற்காமல் எதையோ செய்துகொண்டே இருக்கிறது, வாய் மட்டும் மெதுவாகச் சொல்கிறது. பாட்டின் தொடக்கத்திலேயே, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்கிறார். ஆல்பத்தின் முதல் பாட்டில் இதைச் சொல்ல ஒரு எழுத்தாளனுக்குத் துணிச்சல் வேண்டும்.

என் முக்கியமான வாதம் அடுத்தது. வரிகள் முடிந்த பிறகும் பல பாட்டுகள் முடிவதில்லை. சொற்களே இல்லாத சின்த் (மின்னணு இசைக்கருவி) அலை, தூரத்துக் குரல்கள், ரிவர்ப் (எதிரொலி போல நீளும் ஒலி) என்று இன்னும் கொஞ்ச நேரம் நீள்கின்றன. பலர் இதை அலங்காரம் என்று நினைத்து அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள். என் கணக்கில் அந்த வால் பகுதிகள் பாட்டின் எழுத்தைச் சேர்ந்தவை. சொல் தீர்ந்துபோகும் இடத்தைக் குறித்துவைத்து, அதற்குமேல் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று எடுத்த முடிவு அது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 பழைய கேசட்

நல்ல இழை. ஆனா நான் மாறுபடறேன், கொஞ்சம் பலமாவே.

2005இல் வந்த 'இல்லினாய்ஸ்' கேட்டு வளந்தவன் நான். ட்ரம்பெட், கோரஸ் குரல்கள், வயலின், விசித்திரமான தாளக்கட்டு, ஒவ்வொரு பாட்டும் ஒரு ஊர்வலம். அதுக்கப்புறம் 2010இல் 'ஏஜ் ஆஃப் ஆட்ஸ்', முழுக்க எலக்ட்ரானிக் புயல். இவ்வளவு பெரிய ஏற்பாட்டாளர் ஒரு கிட்டாரையும் ஒரு கீபோர்டையும் வெச்சுக்கிட்டு முணுமுணுக்கிறார்னா, "அடக்கம்"னு எல்லாரும் கொண்டாடறாங்க. எனக்கு அது வண்ணம் குறைஞ்ச மாதிரிதான் இருக்கு. ஆறாவது பாட்டு வரும்போது எது எந்தப் பாட்டுன்னே பிரிச்சுச் சொல்ல முடியல. எல்லாம் அதே மென்மை, அதே உயரத்துல குரல்.

எழுத்து அபாரம், அதுல சண்டை இல்ல. ஆனா நல்ல வரிங்கறதுக்காக ஒலியையும் சேர்த்துப் பாராட்டணுமா? அந்த "வால்" விஷயமும் அப்படித்தான். பாட்டை எப்படி முடிக்கறதுன்னு தெரியாதபோது ரிவர்ப்பை ஏத்தி விடறது ரொம்ப பேர் செய்யற வேலை.

#3 மாடி ஸ்டுடியோ

ரெக்கார்டிங் பக்கத்திலிருந்து சில விஷயங்கள் சொல்கிறேன். கேசட் அண்ணனுக்கும் பதிலாக இருக்கும்.

முதலில் குரல். பெரும்பாலான இடங்களில் ஒரே வரியை இரண்டு தடவை பாடி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார். டபுள் ட்ராக்கிங் என்பது பொதுவாகக் குரலைத் தடிமனாக்கிக் காட்டச் செய்வது. இங்கே விளைவு நேர்மாறாக இருக்கிறது. அவ்வளவு மெதுவாகப் பாடி இரட்டிப்பாக்கும்போது மூச்சுச் சத்தமும் இரட்டிக்கும், குரலின் விளிம்பு மழுங்கிவிடும். யார் பாடுகிறார் என்பது கொஞ்சம் மங்கும். ஹெட்போனில் கேட்டால் மெய்யெழுத்துகள் இரண்டு பக்கமும் ஒரு நூலிழை தள்ளித் தள்ளி விழுவது தெரியும். இதைச் சமமாகப் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று மைக் முன்னால் உட்கார்ந்து முயன்றவர்களுக்குத் தெரியும். சத்தமாகப் பாடினால் பிழையை மறைக்கலாம், கிசுகிசுத்தால் மறைக்க முடியாது.

இரண்டாவது தாளம். டிரம்ஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் தாளம் இருக்கிறது. கிட்டாரில் கட்டைவிரல் அடித்தந்தியில் சீராக நடக்கிறது, மற்ற விரல்கள் மேலே மெலடியின் துணுக்குகளைத் தூவுகின்றன. டிரம்ஸ் போட்டிருந்தால் அந்தக் கட்டைவிரல் காணாமல் போயிருக்கும். கிட்டார் இல்லாத இடங்களில் கீபோர்டின் அமுங்கிய துடிப்பு அந்த வேலையைச் செய்கிறது. 'ஜான் மை பிலவ்ட்' முழுக்க அப்படி ஒரு துடிப்பின் மேல்தான் நிற்கிறது.

மூன்றாவது இடம். எல்லாம் ஒரே ஸ்டுடியோவில் பதிவானதல்ல. புரூக்ளினில் அவருடைய சொந்த அறை, போர்ட்லண்டில் ஒரு ஸ்டுடியோ, விஸ்கான்சினில் இசைக்கலைஞர் ஜஸ்டின் வெர்னனின் ஏப்ரல் பேஸ் ஸ்டுடியோ என்று பல இடங்கள். ஓரிகானின் கிளமத் ஃபால்ஸ் ஊரில் ஒரு ஹோட்டல் அறையில் ஐபோனில் பதிவு செய்ததும் ஆல்பத்துக்குள் இருக்கிறது. 'நோ ஷேட் இன் த ஷேடோ ஆஃப் த கிராஸ்' கேட்கும்போது பாட்டுக்குப் பின்னால் ஓயாத ஓர் இரைச்சல் இருக்கும், கவனியுங்கள். இன்றைக்கு எந்த மென்பொருளிலும் அதை நிமிடத்தில் துடைத்துவிடலாம். துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். விட்டது சரி என்பேன், ஏனென்றால் அந்த இரைச்சல்தான் அவர் ஓர் அறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று நமக்குச் சொல்கிறது.

ஒன்றும் செய்யாமல் விட்டதுபோல ஒலிக்கும் இந்த ஆல்பத்தில் யோசிக்காமல் விட்டது எதுவும் இல்லை. கையில் சேர்ந்து கிடந்த ஏராளமான பதிவுகளிலிருந்து எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பதற்கே தாமஸ் பார்ட்லெட் தயாரிப்பாளராக உள்ளே வந்தார். வெட்டி எடுத்ததும் ஏற்பாடுதான்.

#4 தந்திமீட்டி

> மேற்கோள் (பழைய கேசட்): ஆறாவது பாட்டு வரும்போது எது எந்தப் பாட்டுன்னே பிரிச்சுச் சொல்ல முடியல.

ஆறாவது பாட்டு 'ஃபோர்த் ஆஃப் ஜூலை'. அதையே எடுத்துக்கொள்வோம்.

அதற்கு முந்தைய 'யூஜீன்' முழுக்க கிட்டார். இது வந்ததும் கிட்டார் போய்விடுகிறது. அமுங்கின பியானோ, கீழே கனமாக ஒரு சின்த், அவ்வளவுதான். தந்தி அதிர்வுக்குப் பழகிய காதுக்குத் தரை திடீரென்று கீழே போனதுபோல இருக்கும். பாட்டு ஓர் உரையாடல். மகன் பேசுகிறான், இறந்துகொண்டிருக்கும் அம்மா பதில் சொல்கிறாள். அம்மா அவனை ஒவ்வொரு தடவையும் ஒரு புதுச் செல்லப்பெயரில் கூப்பிடுகிறாள். மின்மினி என்கிறாள், பருந்துக்குஞ்சு என்கிறாள், புறா என்கிறாள். உயிரோடு இருந்தபோது கூப்பிட வாய்ப்பே அமையாத பெயர்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன. அதே பாட்டில் டில்லமூக் காட்டுத்தீயும் வருகிறது. 1933இல் தொடங்கி ஓரிகானின் வடமேற்குக் காடுகளைத் திரும்பத் திரும்ப எரித்த தீ அது. ஒரு மரணப் படுக்கைக்குப் பக்கத்தில் எரிந்த காட்டைக் கொண்டுவந்து வைக்கிறார், விளக்கம் சொல்லவில்லை.

கடைசியில் நாம் எல்லோரும் சாகப்போகிறோம் என்ற ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. மெலடி மாறவில்லை, ஒலி ஏறவில்லை, பின்னால் எந்த இசைக்குழுவும் எழவில்லை. 'இல்லினாய்ஸ்' காலத்து சுஃப்யானாக இருந்தால் அங்கே இருபது குரல்களைச் சேர்த்திருப்பார். அப்படிச் சேர்த்திருந்தால் அந்த வாக்கியம் கேட்கிறவனைப் பார்த்துச் சொல்லும் தத்துவம் ஆகியிருக்கும். இப்போது அது அம்மா மகனிடம் சொல்லும் பேச்சாகவே இருக்கிறது. ஒலி குறைவாக இருப்பது வரியின் பொருளையே மாற்றுகிறது. எழுத்தையும் ஒலியையும் பிரித்து மதிப்பெண் போட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. இந்த ஒரு பாட்டின் வேறு வடிவங்களை 2022இல் தனியாக வெளியிட்டார்கள், ஏப்ரல் பேஸ் வடிவமும் புரூக்ளின் வடிவமும். வரிகள் அவைதான். மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆல்பத்தில் எதை எடுத்திருக்கிறார், ஏன் எடுத்திருக்கிறார் என்பது தானாகப் புரியும்.

#5 நெய்தல்

நான் இசை படித்தவள் இல்லை. எழுத்துப் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

இவர் துக்கத்தைப் பற்றிப் பெரிய வார்த்தைகளில் எழுதும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. சின்னப் பொருட்களைச் சொல்லும்போது உடைந்துவிடுகிறேன். 'யூஜீன்' பாட்டில் எலுமிச்சைத் தயிர் வருகிறது. சாம்பல் கிண்ணத்தைத் தரையில் போட்ட ஞாபகம் வருகிறது, வெறுமனே அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. நீச்சல் சொல்லிக்கொடுத்தவருக்கு இவர் பெயர் வாயில் நுழையாமல் சுபாரு என்று கூப்பிட்டது வருகிறது. 'ஷுட் ஹாவ் நோன் பெட்டர்' பாட்டில் மூன்றோ நான்கோ வயதில் வீடியோ கடையில் அம்மா விட்டுவிட்டுப் போனதைச் சொல்கிறார். மூன்று என்றும் உறுதியாகச் சொல்லவில்லை, நான்கு என்றும் சொல்லவில்லை. குழந்தையின் ஞாபகம் அப்படித்தான் இருக்கும். கடை எந்தக் கடை என்று தெரியும், வயது தெரியாது.

என் அம்மா போன பிறகு உறவினர்கள் எல்லோரும் அவருடைய குணங்களைச் சொன்னார்கள். எனக்கு ஞாபகம் வந்தது அவர் ரசத்துக்குப் புளி கரைக்கும்போது கையை உதறும் விதம் மட்டும். கூடவே இருந்து வளர்த்தவரைப் பற்றியே நமக்கு இப்படித் துணுக்காகத்தான் மிஞ்சுகிறது. சில கோடைகள் மட்டும் பார்த்த தாயைப் பற்றி ஒருவரால் வேறு எப்படி எழுத முடியும்? ஒரு முழு மனுஷியை அவர் இட்டுக்கட்டவில்லை. கையில் இருந்த துணுக்குகளை அப்படியே வைத்துவிட்டார். அதைத்தான் நான் நேர்மை என்பேன்.

பாட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களையும் பாருங்கள். ஸ்பென்சர் பியூட் என்பது யூஜீனுக்குப் பக்கத்துக் குன்று. காட்டேஜ் குரோவ் என்பது கூரை வேய்ந்த பழைய மரப்பாலங்களுக்குப் பெயர்போன ஊர். கடற்சிங்கக் குகைகள் ஓரிகான் கடற்கரையில் இருக்கின்றன. ஒரு காலத்தில் 50 மாநிலங்களுக்கும் ஆளுக்கொரு ஆல்பம் போடுவேன் என்று சொல்லி, பிறகு அது விளம்பரத்துக்காகச் சொன்னது என்று அவரே சொல்லிவிட்டார் அல்லவா? ஓரிகானுக்கு மட்டும் அவர் சொல்லாமலே எழுதிக்கொடுத்துவிட்டார் என்று தோன்றுகிறது.

#6 பழைய கேசட்

நெய்தல், உங்க பதிவு மனசைத் தொட்டுச்சு. எழுத்து பத்தி நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைக்கும் மறுப்பு இல்ல.

தந்திமீட்டி சொன்ன 'ஃபோர்த் ஆஃப் ஜூலை' வாதத்தையும் ஏத்துக்கறேன். அந்தப் பாட்டுக்கு அந்த ஒலிதான். ஆனா அந்த நியாயம் 11 பாட்டுக்கும் பொருந்துமா? 'ட்ரான் டு த பிளட்' எனக்கு இன்னும் பாதியில நின்ன பாட்டு மாதிரிதான் கேக்குது. கிட்டார் ஒரு எண்ணத்தை ஆரம்பிக்குது, வரிகள் முடிஞ்சதும் சின்த் வந்து மூடிடுது. இதை எழுத்துன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

இன்னொரு விஷயமும் இருக்கு. 2025இல் பத்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தப்ப அவரே பேட்டியில என்ன சொன்னார்? இந்த ஆல்பத்தை நினைச்சா கூச்சமா இருக்கு, அர்த்தமே இல்லாத ஒண்ணுக்கு அர்த்தம் தேடப் போய்த் தோத்துட்டேன்கற தொனியில பேசினார். செத்துப்போன அம்மாவால பதில் பேச முடியாது. அவங்க நோய், குடி, வீடியோ கடை எல்லாம் இப்ப உலகத்துக்கே தெரியும். படைச்சவருக்கே உறுத்தற ஒண்ணை நாம கிட்டார் டெக்னிக்கா பிரிச்சுப் பேசிட்டிருக்கோம். எனக்கு இது கொஞ்சம் நெருடுது.

#7 மாடி ஸ்டுடியோ

நெருடல் நியாயமானது. வெளியான நேரத்திலேயே, இது தன் கலைத் திட்டம் அல்ல, தன் வாழ்க்கை என்றுதான் அவர் சொன்னார். ஆனால் அதனாலேயே கைவினையைப் பற்றிப் பேசக் கூடாது என்றாகிவிடாது. அம்மாவைப் பற்றி நாம் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. சுஃப்யான் எப்படிக் கவனமாக இருந்தார் என்பதைத்தான் பார்க்கிறோம். கேரியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் ஒரு வரி ஆல்பத்தில் எங்கே இருக்கிறது? முதல் பாட்டிலேயே மன்னித்துவிடுகிறார். பிறகு பத்துப் பாட்டுகளுக்கு அவர் உரசிக்கொள்வது தன்னோடுதான். 'தி ஒன்லி திங்' பாட்டில் உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றிய நேரத்தில் தன்னைப் பிடித்து நிறுத்தியவை எவை என்று கேட்டுக்கொள்கிறார். நட்சத்திரக் கூட்டங்கள், அந்தக் கடற்சிங்கக் குகைகளின் இருட்டு. அவர் திறந்து காட்டுவது தன் காயத்தை.

'ட்ரான் டு த பிளட்' பற்றிச் சொன்னதில் பாதிக்குமேல் ஒத்துப்போகிறேன். ஆல்பத்தில் மிக மெலிந்த பாட்டு அது. தனியாகப் போட்டுக் கேட்டால் நிற்காது, 'யூஜீன்' பாட்டுக்கு முன்னால் வைத்துக் கேட்டால் நிற்கும்.

#8 தந்திமீட்டி

கேசட் அண்ணா, ரிவர்ப்பை ஏற்றி முடிப்பது பற்றி நீங்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு மறுபடி வரிசையாகக் கேட்டேன். இரண்டு எதிர் உதாரணங்கள் தருகிறேன், இரண்டும் வால் விஷயத்தில் முடிவு எடுத்துச் செய்தவை என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்று, 'ஜான் மை பிலவ்ட்'. அங்கே அலையே இல்லை. வரி முடிந்ததும் ஒரு மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம், உடனே வெட்டு. அடுத்த வரிக்குத் தயாரான நெஞ்சோடு பாட்டு நின்றுவிடுகிறது. முடிக்கத் தெரியாமல் ரிவர்ப் போடுகிறவர் இந்த இடத்தில் இப்படிச் செய்திருக்க மாட்டார்.

இரண்டு, கடைசிப் பாட்டு 'புளூ பக்கெட் ஆஃப் கோல்ட்'. தலைப்பு ஓரிகானின் ஒரு பழைய கதையிலிருந்து வருகிறது. 1845இல் மேற்கே போன வண்டிக் கூட்டம் ஒன்று வழி தவறியது. வழியில் குழந்தைகள் மஞ்சள் கற்களைப் பொறுக்கி ஒரு நீல வாளியில் போட்டு வைத்தார்களாம். அது தங்கம் என்று பிறகுதான் தெரிந்ததாம். அந்த இடத்தைத் தேடிப் போன யாருக்கும் அது திரும்பக் கிடைக்கவில்லை. கையில் இருந்தபோது தெரியாமல், தெரிந்தபோது போகும் வழி தொலைந்த கதை. அம்மாவைப் பற்றிய ஆல்பத்தை முடிக்க இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பாட்டில் பியானோவும் குரலும் அடங்கியதும் ஒரு பெரிய அலை எழுந்து ஆல்பத்தையே மூடுகிறது. மேடையில் பாடியபோது இந்த அலையைத்தான் மிக நீளமாக, காது அதிரும் இரைச்சலாக வளர்த்தார். 2015 நவம்பரில் தென் கரோலைனாவில் பதிவான நிகழ்ச்சி 2017இல் நேரடி ஆல்பமாக வந்திருக்கிறது, அதில் கேட்கலாம். ஆல்பத்தில் அடக்கி வைத்ததை எல்லாம் மேடையில் அங்கேதான் திறந்துவிடுகிறார். வெறும் பூச்சாக இருந்திருந்தால் மேடையில் முதலில் வெட்டியிருக்க வேண்டியது அதைத்தான்.

'ஷுட் ஹாவ் நோன் பெட்டர்' பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் அதன் நடுப்பகுதியைத் தொடவில்லை. முதல் பாதி இருண்ட ஸ்வரங்களில் கிட்டாரோடு போகிறது. நடுவில் கிட்டார் ஒதுங்கி, பொம்மை கீபோர்டு போன்ற ஒரு துள்ளலான ஒலி வருகிறது. ராகமே வெளுக்கிறது. அதன்பின் வரும் வரிகளில் அண்ணனுக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள், அவளால் வீட்டுக்குள் வெளிச்சம் வருகிறது. வரி வெளிச்சத்தைச் சொல்வதற்கு முன்பே ஒலி சொல்லிவிட்டது. பாட்டு எழுதுகிறவர்கள் இந்த ஒரு திருப்பத்தைப் படிக்க மட்டுமாவது இந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டும்.

#9 முதல் கேள்வி

வணக்கம், நான் இவரைக் கேட்டதே இல்லை. இழையைப் படித்தபின் கேட்க ஆசையாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்? கிட்டார் கற்றுக்கொண்டு கொஞ்ச காலம்தான் ஆகிறது, இதில் எதையாவது வாசித்துப் பார்க்க முடியுமா?

#10 மாடி ஸ்டுடியோ

வணக்கம். வரிசையை மாற்றாமல் முதல் பாட்டிலிருந்து கேளுங்கள், ஹெட்போனில். ஷஃபிள் வேண்டாம்.

வாசிக்க 'டெத் வித் டிக்னிட்டி' நல்ல ஆரம்பம். இடது கைக்கு அவ்வளவு சிரமமில்லை, கஷ்டமெல்லாம் வலது கைக்குத்தான். பாடாமல் மீட்டலை மட்டும் பாதி வேகத்தில், கட்டைவிரல் தானாக நடக்கும்வரை வாசியுங்கள். மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) கட்டாயம். குரலைச் சேர்க்க அவசரப்படாதீர்கள். கை ஓடிக்கொண்டிருக்க, குரல் நிதானமாக இருப்பதுதான் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது.

2017இல் 'த கிரேட்டஸ்ட் கிஃப்ட்' என்று ஒரு தொகுப்பு வந்தது. அதில் 'ஜான் மை பிலவ்ட்' பாட்டின் ஐபோன் டெமோ இருக்கிறது. ஒரு பாட்டு ஆல்பத்துக்கு வருமுன் எப்படி இருந்தது என்று கேட்க அது உதவும்.

#11 பழைய கேசட்

புதுசா வந்தவருக்கு என் பங்குக்கு ஒண்ணு: இதைக் கேட்டு முடிச்சதும் 'இல்லினாய்ஸ்' கேளுங்க. அதே ஆள்தான்னு நம்ப முடியாது.

தந்திமீட்டி, அந்த மூச்சு விஷயம் சரியான அடி. 'ஜான் மை பிலவ்ட்' இப்பதான் போட்டுக் கேட்டேன். 'ட்ரான் டு த பிளட்' விஷயத்துல மட்டும் நான் நின்ன இடத்துலதான் நிக்கறேன். அந்த நேரடி ஆல்பத்துல அதை எப்படி வாசிக்கறார்னு இன்னிக்கு ராத்திரி கேட்டுட்டு வந்து எழுதறேன்.